வண்டலும் தெளிநீரும்

மலையினின்று இறங்கிவரும் ஆறு தனியே வருவதில்லை. மலையையும் சிறிது சிறிதாகத் தன்னுடன் சுமந்துகொண்டே வருகிறது. வெயிலாலும் குளிராலும் பாறை வெடிக்கிறது. வெடித்த பாறையின் விளிம்பு மழையால் உதிர்கிறது. உதிர்ந்த கல் ஓடையில் உருண்டு தேய்ந்து கூழாங்கல்லாகிறது. மேலும் தேய்ந்து மணலாகிறது. மணலினும் நுண்ணிய பொடி வண்டல் எனப்படும். பாறை நெடுங்காலம் நீரில் ஊறிச் சிதைவதனால் பிறக்கும் மிக நுண்ணிய பொடி களிமண் எனப்படும். ஆடித் திங்களில் காவிரியில் புதுவெள்ளம் பெருகி வரும்போது நீர் செந்நிறமாய் இருப்பதைக் கரையில் நிற்போர் காண்பர். அந்நிறம் நீரின் நிறமன்று. நீர் சுமந்துவரும் மண்ணின் நிறமேயாகும்.

அவ்வெள்ளத்தில் ஒரு குடம் நீரை முகந்து ஓரிடத்தில் அசையாமல் வைத்தால், சிறிது நேரத்தில் குடத்தின் அடியில் மண் தங்கத் தொடங்கும். மறுநாள் பார்த்தால் மேல்நீர் பெரிதும் தெளிந்திருக்கும். நீரில் கலந்த மண் இவ்வாறு அடியில் சென்று தங்குதலைப் படிதல் என்பர். காண்பதற்கு மிக எளிய நிகழ்ச்சி இது. ஆயினும் சோழநாட்டு வயல்களை ஆக்கியது இப்படிதலே; ஏரிகளை மேடாக்கிப் பயனற்றவையாகச் செய்வதும் இதுவே; பெருநகர மக்கள் பருகும் நீரைத் தூய்மை செய்வதில் முதற்படியாக நிற்பதும் இதுவே. ஒரே செயல் ஓரிடத்தில் வாழ்வளிப்பதும் மற்றோரிடத்தில் கேடு விளைப்பதும் எவ்வாறு என்பது அறியத்தக்கது.

விரைவும் தயக்கமும்

மண் துகள் நீரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே அது நீரில் மூழ்குவதே இயல்பு. ஆயினும் விரைந்து ஓடும் நீர் நேர்கோட்டில் ஓடுவதில்லை. சுழித்தும் புரண்டும் ஓடுகிறது. கீழே இறங்க முயலும் துகளை அச்சுழல்கள் மீண்டும் மீண்டும் மேலே தூக்கி எறிகின்றன. நீரின் விரைவு குறையும்போது சுழல்களின் வலிமையும் குறைகிறது. அப்பொழுது துகளின் எடை வெற்றி பெறுகிறது. துகள் அடியை அடைகிறது. விரைந்தால் சுமப்பது, தயங்கினால் இறக்குவது என்பதே நீரின் இயல்பு.

நின்ற நீரிலும் எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851ஆம் ஆண்டில் இதற்குரிய விதியை வகுத்தார். நீரில் இறங்கும் நுண்ணிய உருண்டையை அதன் எடை கீழே இழுக்கிறது. நீரின் பிசுபிசுப்பு அதனைத் தடுக்கிறது. இவ்விரண்டும் சமமானதும் உருண்டை ஒரே சீரான வேகத்தில் இறங்குகிறது. அவ்வேகம் உருண்டையின் விட்டத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது, விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும்.

இவ்விதியின் விளைவைக் கணக்கால் உணரலாம். 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அசையா நீரில், 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். 0.01 மில்லிமீட்டர் விட்டமுள்ள வண்டல் துகளுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் வேண்டும். 0.001 மில்லிமீட்டர் விட்டமுள்ள களிமண் துகளுக்கோ ஏறத்தாழ 13 நாட்கள் வேண்டும். அதனினும் சிறிய துகள்கள், நீர் மூலக்கூறுகள் ஓயாது மோதுவதால் அலைக்கழிக்கப்பட்டு, தாமாக அடியை அடைவதே அரிதாகும். குடத்து நீர் ஒருநாள் நின்ற பின்னும் அதில் சிறிது மங்கல் எஞ்சி நிற்பதன் காரணம் இதுவே.

ஆறு ஆக்கிய நாடு

நீரின் இவ்வியல்பை ஓர் ஆற்றின் போக்கு முழுவதிலும் காணலாம். மலைச்சரிவில் ஆறு பாய்ந்து வருகிறது. அங்கே பெரும்பாறைகளே அடியில் தங்கும். மலையடிவாரத்தில் சரிவு குறைகிறது, கூழாங்கற்கள் தங்குகின்றன. சமவெளியில் ஆறு விரிந்து நடக்கிறது, மணல் படிகிறது. வெள்ளம் கரைபுரண்டு வயல்வெளியில் பரவித் தேங்கும்போது வண்டல் படிகிறது. சல்லடையின்றியே கல்லையும் மணலையும் வண்டலையும் ஆறு தனித்தனியே பிரித்து வைக்கிறது.

குடகு மலையில் பிறக்கும் காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலை அடைகிறது. திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே நிலம் தட்டையாகிறது. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து மெல்ல நடக்கிறது. நெடுங்காலமாக அது ஆண்டுதோறும் கொணர்ந்து இறக்கிய வண்டலே இன்று தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல்வயல்களாக விளங்குகிறது. இவ்வாறு ஆறு தன் முகத்துவாரத்தில் ஆக்கும் நிலத்தைக் கழிமுகம் என்பர்.

கழிமுகம் உருவாவதில் கடலுக்கும் பங்குண்டு. களிமண் துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆதலின் நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. கடல்நீரிலுள்ள உப்புகள் அம்மின்னேற்றத்தின் ஆற்றலை அடக்கிவிடுகின்றன. உடனே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. திரண்டவை கனத்து விரைவில் படிகின்றன. பல நாட்கள் நின்றாலும் தெளியாத கலங்கல், உப்பு நீரைத் தொட்டதும் படிந்துவிடுகிறது. இயற்கையின் இந்த உத்தியையே மனிதன் வேறொரு பொருளைக் கொண்டு தன் நீர்த்தொட்டியில் கையாள்கிறான் என்பது பின்னர் விளங்கும்.

மேடாகும் ஏரி

வயலில் படியும் மண் செல்வம். அதே மண் ஆற்றின் படுகையிலும் ஏரியின் அடியிலும் படிந்தால் இடையூறு. இதனைக் காவிரியின் வரலாறே காட்டுகிறது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் சரிவு மிகுந்தது. அதில் நீர் விரைந்து ஓடும். காவிரியிலோ நீர் மெல்ல நடக்கும். ஆகவே அதன் படுகையில் மணல் படிந்துகொண்டே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மேடாகி, நீர் பெரும்பாலும் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலுக்குச் சென்றது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கல்லணையில் மணலை அடித்துச் செல்வதற்குரிய அடிமதகுகளை அமைத்தார். பின்னர் 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. மணலின் போக்கை அறிந்து செய்த இச்செயல்களால் காவிரி மீண்டும் நீர் பெற்றது.

ஏரியின் நிலையும் இத்தகையதே. வாய்க்கால் வழியே விரைந்து வந்த நீர் ஏரியில் புகுந்ததும் நின்றுவிடுகிறது. தன் சுமையை இறக்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு விரற்கடை மண் படிந்தாலும் நூறாண்டில் ஏரி ஓர் ஆள் உயரத்திற்கு மேல் தூர்ந்துவிடும். பழந்தமிழ் மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஏரியினுள் அவர்கள் அமைத்த குமிழித் தூம்பில், தெளிந்த நீர் செல்வதற்கு மேலே ‘நீரோடி’ என்னும் துளையும், சேற்றுநீர் வெளியேறுவதற்கு அடியில் ‘சேறோடி’ என்னும் துளைகளும் இருந்தன. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரியைக் காப்பதற்கென்றே ‘ஏரி வாரியம்’ என்னும் குழு இருந்ததைக் கூறுகின்றன. கோடையில் ஏரி வற்றியபோது ஊரார் கூடி வண்டலை வெட்டி வயலுக்கு ஏற்றிச் சென்றனர். அதனால் ஏரி ஆழம் பெற்றது. வயல் உரம் பெற்றது. இடையூறாகக் கிடந்த மண் இடம் மாறியதும் செல்வமாயிற்று.

பேரணைகள் இச்சிக்கலைப் பெரிதாக்கியுள்ளன. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் காவிரி வந்து நிற்கிறது. அது சுமந்துவரும் மண்ணின் பெரும்பகுதி அங்கேயே படிகிறது. ஒருபுறம் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு குறைகிறது. மறுபுறம் கீழேயுள்ள கழிமுகத்திற்குப் புதுவண்டல் வருவது குறைகிறது. எகிப்து நாட்டில் 1970ஆம் ஆண்டில் நிறைவுற்ற அசுவான் பேரணையிலும் இதுவே நிகழ்ந்தது. நைல் ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக வயல்களுக்கு அளித்துவந்த வண்டல் அணைக்குப் பின்னே தங்கிவிட்டது. உழவர்கள் செயற்கை உரத்தை மேலும் நாட வேண்டியதாயிற்று. கழிமுகக் கரையின் சில பகுதிகளைக் கடல் அரிக்கிறது. அணையால் மின்னாற்றலும் பாசனமும் கிடைத்தன, வண்டல் கிடைக்கவில்லை. ஆற்றின் நீரை மட்டும் கணக்கிட்டு மண்ணை மறப்பது முழுமையான கணக்காகாது.

தேற்றாங்கொட்டையும் படிகாரமும்

இனி, வீட்டிற்கும் நகரத்திற்கும் வரும் குடிநீரில் படிதல் எவ்வாறு பயன்படுகிறது என்பதைக் காணலாம். கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தமிழர் தொன்றுதொட்டுத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினர். மட்குடத்தின் உட்புறத்தில் அவ்விதையைத் தேய்த்து, அதில் நீரை ஊற்றி வைப்பர். சில மணி நேரத்தில் நீர் தெளியும். கலங்கிய நீர் தேற்றாவின் விதையால் தெளிதல் கலித்தொகையிலேயே உவமையாக வந்துள்ளது. முருங்கை விதையின் பொடிக்கும் இவ்வியல்பு உண்டு. இவ்விதைகளிலிருந்து கரைந்து வரும் பொருள்கள் களிமண் துகள்களை ஒன்றுசேர்த்துத் திரளச் செய்கின்றன.

நகரங்களின் நீர் நிலையங்களில் இப்பணியைப் பெரும்பாலும் படிகாரம் செய்கிறது. ஒரு லிட்டர் நீருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவே போதுமானது. அதிலுள்ள அலுமினியம் களிமண் துகள்களின் மின்னேற்றத்தை அடக்குகிறது. மேலும், நீரோடு சேர்ந்து பஞ்சு போன்ற மெல்லிய படிவமாக மாறுகிறது. முதலில் நீரை வேகமாகக் கலக்கிப் படிகாரத்தை எங்கும் பரவச் செய்வர். பின்னர் துடுப்புகளால் மிக மெதுவாகக் கலக்குவர். அப்பொழுது துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, பஞ்சுப் படிவத்தில் சிக்கி, கண்ணுக்குத் தெரியும் திரள்களாகின்றன. இக்கலக்கலில் விரைவு மிகுந்தால் சேர்ந்த திரள்கள் உடைந்துபோகும். கழிமுகத்தில் கடலுப்பு செய்வதைத் தொட்டியில் படிகாரம் செய்கிறது. விட்டம் பெருகப் பெருகப் படியும் வேகமும் பெருகும் என்னும் ஸ்டோக்ஸ் விதியும் இங்கே துணைநிற்கிறது.

ஆழமா, பரப்பா?

திரள்கள் உண்டாகிய நீர் அகன்ற படிவுத்தொட்டியினுள் ஒரு முனையில் புகுந்து, மறுமுனையை நோக்கி மிக மெதுவாக நகர்கிறது. வழியிலேயே திரள்கள் அடியில் படிகின்றன. தெளிந்த நீர் மறுமுனையில் விளிம்பின்மேல் மெல்ல வழிந்து வெளியேறுகிறது. அடியில் தங்கிய சேற்றை அவ்வப்போது சுரண்டி அகற்றுவர்.

இத்தொட்டி ஆழமாயிருந்தால் நீர் நெடுநேரம் தங்கும். ஆகவே நன்றாகத் தெளியும் என்று எவரும் எண்ணக்கூடும். அமெரிக்கப் பொறியாளராகிய ஆலன் ஹேசன் 1904ஆம் ஆண்டில் இவ்வெண்ணம் பொருந்தாது என்று விளக்கினார். 3 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் நீர் 3 மணி நேரம் தங்குவதாகக் கொள்க. நீர்மட்டத்திலிருந்து புறப்படும் துகள் அடியை அடைய மணிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். பரப்பை மாற்றாமல் ஆழத்தை மட்டும் 6 மீட்டராக்கினால், நீர் 6 மணி நேரம் தங்கும். ஆனால் துகள் இறங்கவேண்டிய தொலைவும் 6 மீட்டராகிவிடும். மீண்டும் மணிக்கு 1 மீட்டர் வேகமே தேவை, பயன் ஒன்றுமில்லை. ஆழத்தை மாற்றாமல் பரப்பை இருமடங்காக்கினால், நீர் 6 மணி நேரம் தங்கும். இறங்கவேண்டிய தொலைவோ 3 மீட்டரே. அப்பொழுது மணிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்கும் நுண்ணிய துகளும் படிந்துவிடும். ஆகவே படிவுத்தொட்டிக்கு இன்றியமையாதது பரப்பேயாகும். படிந்த சேறு மீண்டும் கலங்காதபடி காக்கும் அளவுக்கு ஆழம் இருந்தால் போதும். அகன்ற ஏரியில் வண்டல் எளிதில் படிவதன் காரணமும் இதனால் புலனாகும்.

தெளிவும் தூய்மையும்

தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமா? இவ்வினாவுக்கு உலகம் பெருவிலை கொடுத்தே விடை பெற்றது. ஜெர்மனி நாட்டில் எல்பு ஆற்றங்கரையில் ஹாம்பர்க்கு என்னும் துறைமுக நகரம் உள்ளது. அதனை அடுத்து, ஆற்றின் கீழ்ப்போக்கில், ஆல்டோனா என்னும் நகரம் அக்காலத்தில் தனி நகரமாக இருந்தது. ஹாம்பர்க்கு ஆற்றுநீரைத் தொட்டிகளில் சிறிது நேரம் தெளியவைத்து, வடிகட்டாமலே மக்களுக்கு வழங்கியது. ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் கழிவுகள் கலந்த நீரையே எடுக்க வேண்டியிருந்தது. எனினும் அதனை மணற்படுகைகளின் வழியே வடிகட்டிய பின்னரே வழங்கியது.

1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காலரா என்னும் வாந்திபேதி நோய் ஹாம்பர்க்கில் பரவியது. சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். ஆல்டோனாவில் மாண்டோர் மிகச் சிலரே. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருவில் ஹாம்பர்க்கு நீரைப் பருகிய வீடுகளில் நோய் புகுந்தது. ஆல்டோனா நீரைப் பருகிய வீடுகள் தப்பின. காற்றும் மண்ணும் இரு பக்கத்திற்கும் ஒன்றே. வேறுபட்டது நீர் ஒன்றுதான். காலராவுக்குக் காரணமான நுண்ணுயிரை 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உறுதிசெய்த இராபர்ட் கோக் என்னும் மருத்துவ அறிஞர் ஹாம்பர்க்கு நிகழ்ச்சியை ஆராய்ந்து, மணல் வடிகட்டியின் சிறப்பை உலகறியச் செய்தார்.

படிதல் ஹாம்பர்க்கு மக்களைக் காவாமைக்குக் காரணம் முன்னர்க் கண்ட கணக்கிலேயே உள்ளது. காலரா நுண்ணுயிரின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. அதன் எடையும் நீரின் எடையினின்று பெரிதும் வேறுபட்டதன்று. தொட்டியில் சில மணி நேரம் நின்றதால் அது அடியில் தங்காது. தெளிந்த கண்ணாடிக் குவளையிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் உலவும்.

இதனால் படிதல் பயனற்றது என்று கொள்ளலாகாது. படிகாரத் திரள்கள் நுண்ணுயிர்களிலும் பெரும்பகுதியைத் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. மேலும், கலங்கல் நீரை நேரே மணலில் விட்டால் மணல் விரைவில் அடைத்துக்கொள்ளும். குளோரின் சேர்த்தால் களிமண் துகள்களின் மறைவில் நுண்ணுயிர்கள் தப்பிவிடும். ஆகவே முதலில் படியவைத்தல், அடுத்து மணலால் வடிகட்டல், இறுதியில் குளோரினால் நுண்ணுயிர்களை ஒழித்தல் என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும். இலண்டனில் ஜேம்ஸ் சிம்சன் என்னும் பொறியாளர் 1829ஆம் ஆண்டிலேயே மணற்படுகை வடிகட்டியை அமைத்தார். சென்னையில் செங்குன்றம் ஏரியின் நீர் 1872ஆம் ஆண்டு முதல் திறந்த கால்வாய் வழியே நகருக்கு வந்தது. 1914ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே வடிகட்டிய நீர் மக்களுக்குக் கிடைத்தது.

வெள்ளக் காலத்தில் சிற்றூர்களில் இந்த ஏற்பாடுகள் யாவும் கிட்டாமற் போகலாம். அப்பொழுது தேற்றாங்கொட்டையோ படிகாரமோ இட்டு நீரைத் தெளியவைப்பது நன்று. ஆனால் அத்துடன் நின்றுவிடலாகாது. தெளிந்த மேல்நீரை அடிமண் கலங்காமல் வேறு கலத்தில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து, மூடிவைத்தே பருகவேண்டும். கண்ணுக்குத் தெரியும் மண்ணைப் படிதல் அகற்றும். கண்ணுக்குத் தெரியாத நோய்வித்தை நெருப்பே அழிக்கும்.

நீர் தயங்கும் இடமெல்லாம் மண் இறங்கும். இவ்விதியை எவராலும் மாற்ற இயலாது. ஆனால் மண் எங்கே இறங்கவேண்டும் என்பதை மனிதன் அறிந்து வகுக்கலாம். மலைச்சரிவில் மரங்களைக் காத்தால் ஆற்றில் சேரும் மண் குறையும். ஏரியில் படிந்ததை எடுத்து வயலில் இட்டால் இரண்டும் பயன்பெறும். குடிநீரில் கலந்ததைத் தொட்டியிலேயே தங்கவைத்து, எஞ்சியதை வடிகட்டி, நுண்ணுயிரை ஒழித்தால் ஊர் நோயின்றி வாழும். முன்னோர் ஏரிக்கென ஒரு வாரியம் அமைத்ததும், நீரோடியோடு சேறோடியும் வகுத்ததும் நீரைப் போலவே மண்ணையும் கருதியதனால்தான். ஆண்டுதோறும் தவறாமல் வரும் வண்டலுக்கு ஆண்டுதோறும் தவறாத கவனிப்பும் வேண்டும்.